குடகு தந்த சேனாதிபதி திம்மையா

படை என்பது நாட்டின் உறுப்புகளுள் ஒன்று என வகுத்த வள்ளுவப் பெருந்தகை, படைமாட்சி என்றும் படைச்செருக்கு என்றும் இரண்டு அதிகாரங்களை அடுத்தடுத்து அமைத்துச் சென்றார். வீரமும் மானமும் நல்வழி ஒழுகலும் தலைவரால் தேறப்படும் தெளிவும் படைக்கு அரண் என்பது அவர் கண்ட முடிவு. இவை ஒருவனிடம் ஒரே நாளில் வந்து பொருந்துவன அல்ல. இளமை தொட்டுப் பழகிப் பழகியே படிய வேண்டியவை.

ஓசூர் நெடுஞ்சாலையின் ஓரத்திலே, ஹெப்பகோடியிலும் பொம்மசந்திரத்திலும் தொழில் நாடி வந்து குடியேறிய நம் தமிழ்க் குடும்பங்களில், பன்னிரண்டாம் வகுப்பை முடிக்கும் பிள்ளைகள் ஆண்டுதோறும் பெருகி வருகின்றனர். பொறியியலும் கணிப்பொறியும் அல்லால் வேறு வழி அறியாத நம்மிடையே, இராணுவக் கலாசாலையில் சேர விரும்பும் பிள்ளைகளும் இன்று தோன்றியிருப்பது மகிழ்ச்சிக்குரியது. அதற்கு எவ்வாறு ஆயத்தம் செய்துகொள்வது என்று அவர்கள் வினவுகின்றனர். எந்தப் புத்தகத்தைப் படிப்பது, எந்தப் பயிற்சி நிலையத்திற் சேர்வது என்பதோடு அவ்வினா முடிந்துவிடுவதில்லை. அதற்கு நிறைவான விடையாக ஒரு மனிதரின் வாழ்வையே எடுத்துக்காட்டலாம். நாம் வந்து வாழும் இக்கன்னட மண்ணில் பிறந்து, பெங்களூரிலே கல்வி பயின்று, பாரத நாட்டின் தரைப்படைக்கே தலைவராக உயர்ந்த ஜெனரல் திம்மையா அவர்களே அம்மனிதர்.

குடியும் பிறப்பும்

தமிழகத்தை வளப்படுத்தும் காவிரித் தாய் பிறக்கும் நாடு குடகு. அம்மலைநாட்டின் தலைநகராகிய மடிக்கேரியில், 1906ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 31ஆம் நாள், கொடந்தேர என்னும் குடியிலே சுப்பையா திம்மையா பிறந்தார். காப்பித் தோட்டங்களை உடைய செல்வக் குடும்பம் அது. குடகர் படைக்கலத்தைத் தெய்வமாகப் போற்றுபவர். ஆண்மகவு பிறந்தால் வானை நோக்கித் துப்பாக்கி முழக்குவதும், கைல்போது என்னும் திருநாளில் ஆயுதங்களுக்கு மலரிட்டு வழிபடுவதும் அவர்தம் தொன்று தொட்ட வழக்கம். ஆங்கிலேயர் ஆட்சியில் ஆயுதச் சட்டத்திலிருந்து விலக்குப் பெற்ற இனத்தாரும் அவர்களே. அத்தகைய குடியில் பிறந்த ஆண்மக்கள் மூவரும் பின்னாளில் இராணுவ அதிகாரிகளாயினர். மூத்தவர் பொன்னப்பா, நடுவர் திம்மையா, இளையவர் சோமையா.

எனினும், வீரக்குடியில் பிறந்தமை மட்டுமே ஒருவரைத் தளபதியாக்கிவிடாது. குடகிலே திம்மையாவோடு ஒருகாலத்துப் பிறந்த சிறுவர் ஆயிரக்கணக்கினர். அவர்களுள் இவரை வேறுபடுத்தி உயர்த்தியது தொடர்ந்த கல்வியும் கட்டுப்பாடும் ஆகும்.

குன்னூரும் பெங்களூரும்

எட்டு வயதுச் சிறுவனாக இருந்தபோதே திம்மையா வீட்டை விட்டுப் பிரிய நேர்ந்தது. நீலகிரி மலையிலே, குன்னூரில் ஐரிஷ் துறவியர் நடத்திய புனித சூசையப்பர் பள்ளியில் அவர் சேர்க்கப்பட்டார். ஆகவே, அவர் முதற்கல்வி பயின்றது தமிழ் மண்ணிலேதான் என்பதை நாம் பெருமையுடன் நினைக்கலாம். பின்னர்ப் பெங்களூருக்கு வந்து, 1865ஆம் ஆண்டு முதல் நடைபெற்று வரும் பிஷப் காட்டன் பள்ளியில் பயின்றார்.

விடுதி வாழ்வு என்பது எட்டு வயதுப் பிள்ளைக்கு எளிதன்று. மணியடித்தால் எழுதல், தன் படுக்கையைத் தானே சீர்செய்தல், தன் உடையைத் தானே பேணல், வேற்று மொழியும் வேற்றுச் சமயமும் உடைய பிள்ளைகளோடு ஒரே வரிசையில் அமர்ந்து உண்ணல், விளையாட்டிலே தோற்றால் மனம் கசவாது வென்றவனைப் பாராட்டல் ஆகிய இவை யாவும் அங்கே பாடப்புத்தகத்துக்குப் புறம்பாகக் கிடைக்கும் கல்வி. பிற்காலத்தில் பல மொழி பேசும் போர்வீரரை ஒன்றாக நடத்திச் செல்ல வேண்டியவருக்கு இதனினும் சிறந்த ஆயத்தம் வேறு யாது?

டேராடூன் என்னும் வாயில்

அக்காலத்து நிலைமையை இளைஞர்கள் நன்கு உணர்தல் வேண்டும். இந்தியப் படையில் இந்தியர் இலட்சக்கணக்கில் இருந்தனர். ஆயினும் ஜமேதார், சுபேதார் என்னும் பதவிகளுக்கு மேலே அவர்கள் செல்ல இயலாதிருந்தது. எத்தனை ஆண்டு உழைத்த சுபேதாரும், புதிதாக வந்த ஆங்கில இளைஞன் ஒருவனுக்குக் கீழ்ப்பட்டவரே. முதல் உலகப் போரில் இந்திய வீரர் சிந்திய குருதிக்குப் பின்னரே அக்கதவு சிறிது திறந்தது. இங்கிலாந்திலுள்ள சாண்ட்ஹர்ஸ்ட் இராணுவக் கலாசாலையில் ஆண்டுக்குப் பத்து இந்தியருக்கு இடமளிக்க 1918இல் வழி செய்யப்பட்டது. நாடு முழுமைக்கும் பத்தே இடங்கள்!

அங்குச் சென்ற முதல் இளைஞர்களிற் பலர் பயிற்சியை முடிக்க இயலாது திரும்பினர். அவர்களிடம் அறிவோ துணிவோ குறைந்திருந்தது என்று கூறுதல் பிழையாகும். மொழியும் உணவும் பழக்கமும் யாவும் புதியனவாக இருந்த இடத்தில், முன் பழக்கம் இன்றிச் சென்று தனித்து நின்றமையே காரணம். இக்குறையை நீக்கும்பொருட்டு 1922ஆம் ஆண்டு மார்ச்சு 13ஆம் நாள், டேராடூனில் வேல்ஸ் இளவரசர் பெயரால் இராணுவக் கல்லூரி ஒன்று திறக்கப்பட்டது. சாண்ட்ஹர்ஸ்டுக்கு இந்தியச் சிறுவரை ஆயத்தம் செய்வது ஒன்றே அதன் நோக்கம். அதன் தொடக்க கால மாணவருள் ஒருவராகத் திம்மையா சேர்ந்தார்.

காலையில் உடற்பயிற்சி, பகலில் பாடம், மாலையில் விளையாட்டு, இரவில் மீண்டும் படிப்பு என நாள் முழுவதும் ஒழுங்கிற்குட்பட்ட வாழ்வு அங்கே அமைந்தது. அதன் பின்னர் எழுத்துத் தேர்வு, உடல்நலச் சோதனை, நேர்முகம் ஆகிய மூன்றையும் கடந்தாக வேண்டும். சாண்ட்ஹர்ஸ்டுக்கு அவர் தேர்வுபெற்றபோது உடன் தேர்வானவரையும் சேர்த்து இந்திய மாணவர் அறுவரே. 1926ஆம் ஆண்டு பிப்ரவரி 4ஆம் நாள் அவர் அதிகாரிப் பதவி பெற்றார். அப்போது அவருக்கு வயது 20 நிரம்பவில்லை.

சீருடையும் மனச்சாட்சியும்

நுழைவுத் தேர்வில் வெற்றி பெற்றதும் சோதனைகள் முடிந்தன என்று எண்ணுவோர் திம்மையாவின் அடுத்த சில ஆண்டுகளை நோக்குதல் நலம். அவருக்கு உண்மையான தேர்வு அப்போதுதான் தொடங்கியது.

முதலில் பெங்களூரில் தங்கியிருந்த ஹைலண்டு லைட் இன்பன்ட்ரி என்னும் ஸ்காட்லாந்துப் படையில் அவர் இணைக்கப்பட்டார். பின்னர்ப் பத்தொன்பதாம் ஹைதராபாத் படையின் நான்காம் பட்டாளத்தைச் சேர்ந்தார். இந்திய அதிகாரிகளின் கீழ் ஆங்கில அதிகாரிகள் பணியாற்ற நேரிடலாகாது என்று கருதிய அரசாங்கம், 1923இல் எட்டுப் படைப்பிரிவுகளை மட்டும் ஒதுக்கி, இந்திய அதிகாரிகளை அவற்றிலேயே நியமித்து வந்தது. திம்மையாவின் பட்டாளம் அவ்வெட்டினுள் ஒன்று. ஒரே கலாசாலையில் ஒரே பயிற்சி பெற்று, ஒரே அரசரின் ஆணையைக் கையில் ஏந்தியிருந்தும், நிறத்தின் பெயரால் வேலி கட்டப்பட்டிருந்தது. வெள்ளையர் கூடும் கிளப்புகள் பலவற்றில் இந்திய அதிகாரிக்கு இடமில்லை.

ஒருபுறம் இந்த அவமதிப்பு. மறுபுறம் தாய்நாட்டின் விடுதலைக் கிளர்ச்சி. காந்தியடிகளின் அழைப்பை ஏற்று மாணவர் பள்ளியைத் துறந்தனர்; வழக்கறிஞர் தொழிலைத் துறந்தனர்; ஆயிரமாயிரம் மக்கள் சிறை புகுந்தனர். அந்நிலையில் அந்நிய அரசரின் சீருடையை அணிந்து நிற்கும் இந்திய இளைஞன் ஒருவனின் நெஞ்சம் என்ன பாடுபட்டிருக்கும்! அலகாபாத்தில் பட்டாளம் தங்கியிருந்த காலத்தில், திம்மையாவுக்கு மோதிலால் நேருவின் தொடர்பு ஏற்பட்டது. பதவியை உதறிவிட்டு விடுதலைப் போரில் இறங்குவதே கடமையோ என்னும் ஐயத்தைத் திம்மையாவும் அவருடைய தோழரும் அப்பெரியாரிடம் வெளியிட்டனர். நாடு விடுதலை பெறும் நாளில் அதற்கென ஒரு படை வேண்டும். அதை நடத்தத் தேர்ந்த இந்திய அதிகாரிகள் வேண்டும். ஆதலால் நிலைத்து நின்று தொழிலை முற்றக் கற்றுக்கொள்ளுங்கள் என்னும் கருத்துப்பட மோதிலால் அறிவுரை கூறினார். சிறை சென்ற தலைவர் ஒருவரே, சீருடையைக் களைய வேண்டாம் என்று கூறிய அருமையை எண்ணிப் பார்க்க வேண்டும்.

திம்மையா நிலைத்து நின்றார். அன்று முதல் அவர் கற்ற ஒவ்வொன்றும் இன்னும் பிறவாத ஒரு நாட்டிற்காகக் கற்றது எனலாம். ஆளும் இனத்தாரின் கலாசாலையில் கற்ற வித்தையை, அவர்கள் சென்ற பின்னர் நாட்டைக் காக்கப் பயன்படுத்துவதற்காகப் பொறுமையோடு காத்திருந்த ஒரு தலைமுறையின் பிரதிநிதி அவர்.

அவருடைய அண்ணன் பொன்னப்பா வேறு வழியிற் சென்றார். இரண்டாம் உலகப் போரில் நேதாஜியின் இந்திய தேசிய இராணுவத்தில் அவர் சேர்ந்தார். மலேயாவின் இரப்பர்த் தோட்டங்களில் பாடுபட்ட தமிழ்த் தொழிலாளரும் பெருந்திரளாகச் சேர்ந்த படை அது. ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள் இருவர் எதிரெதிர் அணிகளில் நிற்க நேர்ந்தது. ஒருவர் உள்ளே இருந்து ஆயத்தம் செய்தார். மற்றவர் வெளியே நின்று போர் தொடுத்தார். இருவர் நெஞ்சிலும் இருந்தது ஒரே நாடுதான். யார் வழி சரி என்று தீர்ப்புக் கூற இன்றைய நமக்கு உரிமையில்லை. அத்தகைய முடிவை எடுக்க நேர்ந்தவரின் துன்பத்தை உணர்வதே நம்மால் இயல்வது.

சென்னை மாணவரிடையே

1935இல் திம்மையா நீனா அம்மையாரை மணந்தார். அவ்வாண்டு மே மாத இறுதியில் குவெட்டா நகரைத் தரைமட்டமாக்கிய நிலநடுக்கத்தின்போது கணவனும் மனைவியும் துயருற்ற மக்களுக்கு அரும்பணி ஆற்றினர். அம்மையாரின் தொண்டுக்காகக் கைசர்-இ-ஹிந்து பதக்கம் அளிக்கப்பட்டது.

மறு ஆண்டு அவர் சென்னைக்கு மாற்றப்பட்டார். அங்குப் பல்கலைக்கழகப் பயிற்சிப் படைக்கு அட்ஜுடண்ட் பதவி. கல்லூரி மாணவருக்கு அணிவகுப்பும் துப்பாக்கிப் பயிற்சியும் கற்பிக்கும் அமைப்பு அது. இன்றைய தேசிய மாணவர் படைக்கு முன்னோடி. இருபது ஆண்டுகளுக்கு முன் குன்னூரிலே சிறு மாணவனாக இருந்தவர், இப்போது தமிழ்நாட்டு மாணவருக்குக் கற்பிக்கும் ஆசானாக வந்தார். தாம் எந்த வாயிலில் நெடுநாள் காத்திருந்தாரோ, அவ்வாயிலைப் பிறருக்குக் காட்டும் பணி அவருக்கு வாய்த்தது. இதற்கிடையே, 1932இல் டேராடூனில் இந்திய இராணுவக் கலாசாலை திறக்கப்பட்டிருந்தது. அதிகாரிப் பதவிக்காக இந்திய இளைஞன் கடல் கடக்க வேண்டிய கட்டாயம் அப்போது நீங்கியது.

போர்க்களத்தில்

பர்மாப் போர்முனையில், அரக்கான் பகுதியிலுள்ள கங்கா என்னுமிடத்தில், 1945ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நிகழ்ந்த கடும்போரில் திம்மையா தம் பட்டாளத்தை நடத்தினார். அப்படைப்பிரிவின் மூன்று பட்டாளங்களுக்கும் இந்தியரே தலைமை தாங்கினர். இந்திய அதிகாரிக்கு இந்தியப் படைவீரர் அடங்கி நடப்பரோ என ஐயுற்றோருக்கு அக்களமே விடை கூறிற்று. தோரட், சென், திம்மையா ஆகிய அம்மூவரும் வீரப்பதக்கம் பெற்றனர். தொடர்ந்து ஒரு பிரிகேடின் தலைமையும் திம்மையாவிடம் ஒப்படைக்கப்பட்டது. போர்க்களத்தில் அப்பொறுப்பை ஏற்ற முதல் இந்தியர் என அவர் போற்றப்படுகிறார். அவ்வாண்டு செப்டம்பரில் ஜப்பானியர் சிங்கப்பூரில் சரணடைந்த நிகழ்ச்சியிலும் அவர் கலந்துகொண்டார்.

சோஜி லாக் கணவாய்

நாடு விடுதலை பெற்றது. மோதிலால் நேரு கூறிய நாள் வந்தது. அதனைக் காண அவர் இருக்கவில்லை. காஷ்மீரத்திலே போர் மூண்டபோது அங்குப் படைகளை நடத்தும் பொறுப்பு மேஜர் ஜெனரல் திம்மையாவிடம் வந்தது. 1948ஆம் ஆண்டு மே மாதத்தில், லடாக்கின் லே நகருக்கு ஆபத்து நெருங்கியது. பதினோராயிரம் அடிக்கு மேற்பட்ட உயரத்தில், எவரும் அதுவரை விமானம் இறக்காத மணல் திடலில், விமானப்படைத் தளபதி மெஹர் சிங்குடன் முதல் விமானத்தில் தாமே சென்று இறங்கினார் திம்மையா.

லேக்குச் செல்லும் தரைவழி சோஜி லாக் கணவாயில் அடைபட்டிருந்தது. காலாட்படை முயன்றும் கணவாய் திறக்கவில்லை. பனிக்காலமோ நெருங்கிக்கொண்டிருந்தது. அவ்வளவு உயரத்திற்கு டாங்கிகளைக் கொண்டுசெல்லலாம் என்னும் துணிவான முடிவு அப்போது எடுக்கப்பட்டது. டாங்கிகளின் மேற்கூண்டுகளைக் கழற்றி, மூடி மறைத்து, ஸ்ரீநகர் வழியாக மறைவாகக் கொண்டு சென்றனர். மட்டக்குதிரைகள் செல்லும் மலைப்பாதையை டாங்கிகள் செல்லும் வழியாக வெட்டித் தந்தவர்கள் யார் தெரியுமா? நம் பெங்களூர் அல்சூரைத் தலைமையிடமாகக் கொண்ட மதராஸ் சாப்பர்ஸ் படையினர். தென்னாட்டுக் கைகள், தமிழ்க் கைகள், இமயத்தின் உச்சியில் வழி சமைத்தன!

1948ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் அத்தாக்குதல் நிகழ்ந்தது. படைப்பிரிவின் தலைவராகிய திம்மையா, பாதுகாப்பான இடத்தில் தங்காமல், முன்னணி டாங்கி ஒன்றிலேயே சென்றார். எதிரிகள் கனவிலும் கருதாத தாக்குதல் அது. கணவாய் திறந்தது, நவம்பர் முடியுமுன் கார்கிலும் மீட்கப்பட்டு லேக்குச் செல்லும் வழி திறந்தது. அன்று சென்ற டாங்கிகள் ஏழாம் லைட் காவல்ரியைச் சேர்ந்தவை. அதுவும் 1923இல் இந்தியருக்கென வேலியிட்டு ஒதுக்கப்பட்ட எட்டினுள் ஒன்று. அவமதிப்பாக ஒதுக்கிய பிரிவுகளே நாட்டைக் காக்கும் கருவிகளாக முதிர்ந்து நின்றன. காலத்தின் நீதியை என்னென்பது!

இவ்வெற்றிக்கு அவர் குடும்பம் கொடுத்த விலையும் உண்டு. காஷ்மீரப் போரில் இளையவர் சோமையா கண்ணிவெடிக்கு இரையானார்.

கொரியாவும் தில்லியும்

கொரியப் போர் ஓய்ந்ததும், தாயகம் திரும்ப மறுத்த 22,000க்கும் மேற்பட்ட போர்க்கைதிகளைப் பற்றி முடிவு செய்ய நடுநிலை நாடுகளின் குழு ஒன்று 1953இல் அமைந்தது. சுவீடன், சுவிட்சர்லாந்து, போலந்து, செக்கோஸ்லோவாக்கியா ஆகியவற்றோடு இந்தியாவும் இடம்பெற்ற அக்குழுவுக்குத் திம்மையா தலைவரானார். போரை வெல்லும் கலையினும் அமைதியைக் காக்கும் கலை அரிது. இருதரப்பும் ஐயுறும் நிலையில் நடுவுநிலை பிறழாது நின்று அப்பணியை முடித்தார். 1954இல் அவருக்குப் பத்மபூஷண் விருது வழங்கப்பட்டது.

1957ஆம் ஆண்டு மே மாதம் அவர் தரைப்படையின் தலைவரானார். 1959இல் பாதுகாப்பு அமைச்சரோடு ஏற்பட்ட கருத்து வேறுபாட்டால் பதவி விலகல் கடிதத்தை அளித்தார். பிரதமர் நேரு வேண்டிக்கொள்ள, அதனைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். அச்செயலைப் பற்றி இருவகைக் கருத்துண்டு. எவ்வாறாயினும், மக்கள் தேர்ந்தெடுத்த ஆட்சிக்குப் படை அடங்கி நடக்க வேண்டும் என்னும் நெறியை அவர் மீறினார் அல்லர். அண்டை நாடுகள் பலவற்றில் சேனாதிபதிகள் அரியணை ஏறிய காலத்தில் இவ்வடக்கம் சிறிய பண்பன்று. 1961 மே மாதத்தில் அவர் ஓய்வு பெற்றார்.

ஓய்விலும் உலகம் அவரை விடவில்லை. 1964இல் சைப்ரஸ் தீவில் ஐக்கிய நாடுகளின் அமைதிப்படைக்குத் தலைமை ஏற்றார். கிரேக்கரும் துருக்கியரும் பகைத்து நின்ற அத்தீவில் பணியிலிருந்தபோதே, 1965ஆம் ஆண்டு டிசம்பர் 18ஆம் நாள் மாரடைப்பால் மறைந்தார். அவருக்கு வயது 59. அந்நாடு 1966இல் அவர் நினைவாக அஞ்சல்தலை வெளியிட்டு நன்றி செலுத்தியது. ஹெப்பகோடியிலிருந்து நகரத்துக்குச் செல்லும் நம்மவர் அடிக்கடி கடக்கும் ரிச்மண்டு சாலை இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. மடிக்கேரியில் அவர் வாழ்ந்த இல்லம் 2021 முதல் நினைவு அருங்காட்சியகமாக விளங்குகிறது.

நம் இளைஞர் கடமை

திம்மையாவின் நாளில் நாடு முழுமைக்கும் பத்து இடங்கள். இன்றோ கடக்வாஸ்லாவிலுள்ள தேசியப் பாதுகாப்புக் கலாசாலைக்கு ஆண்டுக்கு இருமுறை மத்தியத் தேர்வாணையம் தேர்வு நடத்துகிறது. ஏறத்தாழ பதினாறரை முதல் பத்தொன்பதரை வயதுக்குட்பட்டோர் எழுதலாம். கணிதத்துக்கு 300, ஆங்கிலமும் பொது அறிவும் அடங்கிய தாளுக்கு 600 ஆக 900 மதிப்பெண். அதனையடுத்து ஐந்து நாள் நடைபெறும் ஆளுமைத் தேர்வுக்கும் 900 மதிப்பெண். புத்தகப் படிப்புக்கு எவ்வளவு மதிப்போ, அவ்வளவு மதிப்பு ஒருவன் பிறரோடு பழகும் முறைக்கும், இடர் வந்தபோது சிந்திக்கும் தெளிவுக்கும், உண்மை பேசும் துணிவுக்கும் உண்டு. இவ்வாளுமைத் தேர்வு நடைபெறும் நிலையங்களுள் ஒன்று நம் பெங்களூரிலேயே இருக்கிறது. 2022 முதல் பெண்களும் இக்கலாசாலையில் சேர்கின்றனர்; ஆகவே, இது நம் புதல்வியர்க்கும் உரிய செய்தி.

சிறு வயதிலேயே தொடங்க விரும்புவோர்க்கு உடுமலைப்பேட்டையை அடுத்த அமராவதி நகரில் 1962இல் தோன்றிய சைனிக் பள்ளி இருக்கிறது. திம்மையா பயின்ற டேராடூன் கல்லூரி எட்டாம் வகுப்பில் மாணவரைச் சேர்த்துக்கொள்கிறது. பட்டம் பெற்ற பின்னர்ச் செல்வோர்க்குச் சென்னைப் பறங்கிமலையில் அதிகாரிகள் பயிற்சிக் கலாசாலை உண்டு. தேர்வுத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் அமைவதால், தமிழ்வழியிலோ கன்னடவழியிலோ பயிலும் பிள்ளைகள் ஆங்கிலத்தை முன்னரே செம்மையாகக் கற்றுக்கொள்ள வேண்டும்.

விடியற்காலையில் எழுந்து ஓடுவதற்குப் பணம் வேண்டா. நாள்தோறும் செய்தித்தாளை ஊன்றிப் படிப்பதற்குப் பெரும்பொருள் வேண்டா. பக்கத்து வீட்டுக் கன்னடச் சிறுவனோடும் பீகாரிலிருந்து வந்த தொழிலாளியின் மகனோடும் ஒரே அணியில் விளையாடிப் பழகுவதற்குப் பயிற்சி நிலையம் வேண்டா. பல மொழியினர் கலந்து வாழும் இந்த ஹெப்பகோடியே அதற்கு ஒரு பள்ளிக்கூடம். பெற்றோர்க்கும் ஒரு சொல்: எட்டு வயதுப் பிள்ளையைக் குன்னூருக்கு அனுப்பிய குடகுத் தாயின் நெஞ்சமும் தாய் நெஞ்சமே. மூன்று ஆண்மக்களையும் நாட்டுக்கு ஈந்த இல்லத்தின் கதையை நினைந்து, விரும்பும் பிள்ளையைத் தடுக்காதீர்கள்; விரும்பாத பிள்ளையை வற்புறுத்தாதீர்கள்.

தேர்வில் தேறுவோர் சிலராகவும் தேறாதோர் பலராகவும் இருப்பர். அதனால் உழைப்பு வீணாகிவிடாது. நோயற்ற உடலும் நேரந்தவறாத பழக்கமும் அஞ்சாத நெஞ்சும் எத்தொழிலுக்கும் மூலதனமாகும். என்று பயன்படும் என்று அறியாமலே இருபது ஆண்டுகள் தம்மை ஆயத்தம் செய்துகொண்டிருந்தார் திம்மையா. நாடு அழைத்த நாளில் அவர் ஆயத்தமாக இருந்தார். நம் இளைஞரும் அவ்வாறே விளங்குவாராக!

வாழ்க தமிழ்! வாழ்க பாரதம்!